வேண்டாம் என்ற ஒரு சொல்: ஃப்ரைபுர்க்கில் ஒரு செமஸ்டர் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2023 அக்டோபர் முதல் 2024 பிப்ரவரி வரை எங்கள் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபுர்க் நகரில் ஒரு செமஸ்டர் படித்தாள். தங்கியது விடுதியில் அல்ல, அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். கோவை வட்டாரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் மாணவர் பரிமாற்றத்தைக் கவனிக்கும் ஆசிரியை நான். நடந்ததில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாணவி, அவளுடைய அம்மா, ஹோஸ்ட் குடும்பம் மூன்று தரப்பும் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே இது வெளிவருகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாணவிக்கு அப்போது இருபது வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்கு மூத்த பெண். அப்பா தென்னந்தோப்பில் கணக்குப் பார்க்கிறார், அம்மா மில்லுக்குப் போகிறார். கல்லூரிக்கும் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்து போனவள். வீட்டை விட்டு வெளியே தங்கிய அனுபவம் என்றால் அத்தை வீட்டில் ஒரு வாரம், அவ்வளவுதான். படிப்பில் கெட்டி. ஜெர்மன் மொழியில் முதல் நிலைத் தேர்வு தேறியிருந்தாள்.

ஹோஸ்ட் குடும்பம் அறுபதைத் தாண்டிய தம்பதி. வீட்டம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர் ரயில்வேயில் பொறியாளராக இருந்தவர். பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். இதற்கு முன் ஐந்து வெளிநாட்டு மாணவர்களை வீட்டில் வைத்திருக்கிறார்கள். மாதம் 420 யூரோவுக்கு ஓர் அறை, காலை உணவு, இரவு உணவு என்பது ஏற்பாடு. மதியம் பல்கலைக்கழகக் கேன்டீனில் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரைபுர்க்கில் அக்டோபரில் மாணவருக்கு அறை கிடைப்பது மிகவும் கஷ்டம். விடுதிக்கு நீண்ட வரிசை. அதனால் இந்த வீடு கிடைத்ததே பெரிய விஷயம் என்று எங்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியில் சில கேள்விகளைக் கேட்காமல் விட்டோம்.

கிளம்பும் முன்

ஆகஸ்ட் மாதம், கிளம்பும் மாணவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். விசா, காப்பீடு, குளிர் உடுப்பு, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும் என்பது, காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரை கிடைக்கும் என்பது, ஞாயிறு கடை திறக்காது என்பது. எல்லாம் சொன்னேன். கையில் இரண்டு பக்கத் தாளும் கொடுத்தேன். பல வருடமாகக் கொடுத்துவந்த தாள் அது. அதில் ஐந்தாவது குறிப்பு, "வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருங்கள்". ஏழாவது, "நம் சமையலின் வாசனை அவர்களுக்குப் பழக்கமில்லை, தாளிப்பதைத் தவிர்க்கவும்".

இரண்டுமே நல்ல எண்ணத்தில் எழுதியவை. முன்பு ஒரு மாணவர் வேறொரு ஊரில் அடுக்குமாடி வீட்டில் மீன் வறுத்து அக்கம்பக்கத்துப் புகாருக்கு ஆளானார். அதற்குப் பிறகு சேர்த்த வரி அந்த ஏழாவது.

விமான நிலையத்துக்கு அவளை வழியனுப்ப அம்மா, அப்பா, பாட்டி மூவரும் வந்திருந்தார்கள். பாட்டி சொன்னதும் அதேதான்: "ஊரான் வீட்ல இருக்கப் போற கண்ணு. கேட்டு வாங்கித் தின்னாதே. குடுத்தாத் தின்னு." எங்கள் தாளும் பாட்டியும் ஒரே பாடத்தைச் சொன்னோம் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

முதல் பத்து வாரம்

செப்டம்பர் 30, சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தாள். தம்பதி ரயில் நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனார்கள். அன்று இரவு மேசையில் ரொட்டி, நான்கு வகை சீஸ், வெண்ணெய், தக்காளி, ஊறவைத்த வெள்ளரிக்காய். ஜெர்மனியில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு இப்படித்தான், அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அதன் பெயரிலேயே ரொட்டி இருக்கிறது: ஆபென்ட்ப்ரோட், அந்தி ரொட்டி. சூடான சாப்பாடு மதியத்துக்குத்தான்.

அவள் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டாள். வீட்டம்மா "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டார். "நைன், டாங்கே" என்றாள். வேண்டாம், நன்றி. பசி இருந்தது. நம் வீடுகளில் முதல் தடவை "போதுங்க" என்றுதான் சொல்வோம். அது பேச்சின் ஆரம்பம். "அட, இன்னும் ஒண்ணு வச்சுக்க" என்று இலையில் விழும், "ஐயோ போதும்" என்று கையைக் குறுக்கே வைப்போம், அதற்குள் இரண்டாவதும் விழுந்திருக்கும். அங்கே வீட்டம்மா தலையசைத்துவிட்டுத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அன்று முதல் இரண்டு துண்டு என்பதே அவளுடைய அளவு என்று அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. வீட்டம்மா அதற்கேற்ற அளவில் ரொட்டி வெட்டி வைக்க ஆரம்பித்தார். அவருடைய பார்வையில் இது அக்கறை. அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம்தான் வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

முகவரிப் பதிவுக்கு வீட்டு உரிமையாளர் தர வேண்டிய படிவத்தைப் பெரியவர் அன்றே நிரப்பிக் கொடுத்தார். டிராமில் எப்படிப் போவது என்று கூடவே வந்து காட்டினார். முதல் சனிக்கிழமை தேவாலயச் சதுக்கத்துச் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கும்வரை எங்களுக்கு வந்த செய்தியெல்லாம் படங்கள்தான். தெருவோரம் ஓடும் சின்ன வாய்க்கால், பின்னால் கறுங்காட்டு மலை. "எப்படிம்மா இருக்க?" என்று வாட்ஸாப்பில் கேட்டேன். "சூப்பரா இருக்கேன் மேடம்" என்று வந்தது. நான் குறிப்பேட்டில் நலம் என்று எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 29 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையே மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நான்கரை ஆனது. நவம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டு. அறையில் குளிர். 2022இல் எரிவாயு விலை ஏறியதிலிருந்து அந்த வீட்டில் வெப்பத்தை 19 டிகிரியில் வைத்திருந்தார்கள். வீட்டார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். இவள் அறையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, அதற்கு மேல் போர்வை. இன்னொரு போர்வை கேட்கவில்லை.

துணி விஷயம் தனி. துவைத்த துணியைக் கீழ்த்தளத்தில் பொதுக் கொடியில் உலர்த்துவது அந்த வீட்டு வழக்கம். பெரியவர் நடமாடும் இடத்தில் தன் உள்ளாடையைத் தொங்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. அறைக்குள் நாற்காலி முதுகில், கதவுக் கைப்பிடியில், மேசை விளிம்பில் ஈரத்துணி. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. நவம்பர் கடைசியில் ஜன்னல் மூலையில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பூஞ்சை. அந்த ஊர் வீடுகளில் இதற்கு மிகவும் பயப்படுவார்கள். நடுக்குளிரிலும் தினம் இரண்டு மூன்று முறை ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றுவிடுவது அதற்காகத்தான். வீட்டம்மா ஒரு தாளில் "பிட்டெ லூஃப்டன்!!" என்று எழுதி, அடிக்கோடு போட்டு, கதவில் ஒட்டினார். தயவுசெய்து காற்றுவிடவும். நேரில் சொல்லி அவளைக் கூச்சப்படுத்த வேண்டாம் என்று தாளில் எழுதினாராம். அவள் கண்ணில் அந்த இரண்டு ஆச்சரியக் குறியும் அடிக்கோடும்தான் பட்டன. கோபமாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள். நூலகத்தில் ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, "சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லி நேரே அறைக்குள். சாப்பிட்டிருக்க மாட்டாள்.

நவம்பர் 11 மாலை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கையில் காகித விளக்குகளோடு ஊர்வலம் போகும் புனித மார்ட்டின் நாள். வீட்டம்மா கூப்பிட்டார். மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, படிக்க இருக்கிறது என்றாள். மறுநாள் ஞாயிறு, தீபாவளி. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் தேய்க்காமல், கடையும் இல்லாத நாளில், அறையில் உட்கார்ந்து தங்கை அனுப்பிய மத்தாப்பு வீடியோவைப் பார்த்தாள்.

தூக்கம் போனது. இரவு பன்னிரண்டரைக்கு அம்மாவைக் கூப்பிடுவாள். இங்கே காலை ஐந்து மணி. அம்மா அடுப்படியில் தனியாக இருக்கும் நேரம். அப்பா எழுந்த பிறகு பேசினால் அழ முடியாது. பக்கத்து அறையில் தம்பதிக்கு அந்த அழுகை கேட்டது. இரவு பத்துக்கு மேல் அமைதி என்பது அங்கே எழுதாத சட்டமல்ல, எழுதிய சட்டம். ஆனால் அவர்கள் சத்தத்துக்காகக் குறைபட்டுக்கொள்ளவில்லை. அழுவதைப் பற்றியும் கேட்கவில்லை. அடுத்தவர் அந்தரங்கத்தில் கைவைக்கக் கூடாது என்பது அவர்கள் வளர்ந்த விதம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் இரண்டு பேர் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று விழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

எப்படித் தெரிய வந்தது

டிசம்பர் 4, திங்கள். ஒரே நாளில் இரண்டு செய்தி. காலையில் அவளுடைய அம்மா: "மேடம், பாப்பா ஒழுங்கா சாப்பிடறதில்லைங்க. ஒரு மாசமா ராத்திரி ராத்திரி அழுகுதுங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்குங்க." மாலையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். ஹோஸ்ட் குடும்பம் எழுதியதை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, எங்களோடு சாப்பிடுவதில்லை, விடுதியில் இடம் கிடைத்தால் அவளுக்கு நல்லது என்று நினைக்கிறோம் என்பது சாரம்.

நான் உடனே அவளைக் கூப்பிட்டேன். கேமராவை அணைத்துவைத்திருந்தாள். போடச் சொன்னேன். கன்னம் ஒட்டியிருந்தது. "ஒண்ணும் இல்லைங்க மேடம், நல்லாத்தான் இருக்கேன்." இரண்டு மாதமாக இந்தப் பதிலைத்தான் வாங்கி எழுதிவைத்திருந்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, வீட்டைப் பற்றி அப்புறம், உடம்பைப் பற்றி முதலில். தூக்கமின்மை, அழுகை, எடைக் குறைவு மூன்றும் சேர்ந்தால் அது வெறும் வீட்டு ஏக்கம் என்று ஆசிரியர் ஒருவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டிசம்பர் 6 அன்று அலுவலகப் பெண் ஒருவர் கூடவே போய் மருத்துவரிடம் காட்டினார். 52 கிலோவில் போனவள் 46 இருந்தாள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, மாத்திரை கொடுத்தார்கள். மாணவர் நல அமைப்பின் மனநல ஆலோசகரிடமும் அதே வாரம் ஒரு மணி நேரம் பேசினாள். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் தனியாக விடக் கூடாது என்பது ஆலோசகர் சொன்னது. அவள் சம்மதத்தோடு இதை எங்களுக்குத் தெரிவித்தார்கள்.

இரண்டாவது, எங்கே இருப்பது. மூன்று வழி இருந்தது: ஊருக்குத் திரும்புவது, விடுதிக்கு மாறுவது, அங்கேயே இருந்து பேசித் தீர்ப்பது. அப்பா திரும்பி வரட்டும் என்றார். எங்கள் துறைத்தலைவரும் அதையே சொன்னார், பொறுப்பு நம் தலையில் விழும் என்று. எனக்குத் தயக்கம். விடுதியில் ஒற்றை அறை கிடைத்தால் அவள் இன்னும் தனியாகிவிடுவாள், அழுதால் கேட்கச் சுவருக்கு அந்தப் பக்கம்கூட ஆள் இருக்காது. திரும்பி வந்தாலோ செமஸ்டர் முழுதும் போகும். ஆனால் என் தயக்கத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. அவளையே கேட்க வேண்டும்.

"அந்த வீட்ல இருந்து வரணுமா உனக்கு?" என்று கேட்டேன். "அவங்க மனசு சங்கடப்படும் மேடம்" என்றாள். "அப்ப அங்கேயே இருக்கிறியா?" "அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமே மேடம்." எந்தப் பக்கம் கேட்டாலும் பதில் அவர்களைப் பற்றியே வந்தது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன். "சரி, ஒரு வாரம் அவங்க ரெண்டு பேரும் ஊர்ல இல்லைன்னு வச்சுக்க. வீடு முழுக்க உனக்கு. காலைல எந்திரிச்சு முதல்ல என்ன பண்ணுவ?"

யோசிக்கவே இல்லை. "ரசம் வைப்பேன் மேடம்."

பெட்டியில் அம்மா அரைத்துக் கொடுத்த ரசப்பொடி, புளி, பெருங்காயம் எல்லாம் இருந்தது. பத்து வாரமாகப் பிரிக்காமல். ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க குடுத்த ஷீட்ல இருந்துச்சே மேடம், தாளிக்கக் கூடாதுன்னு."

அந்த வீட்டின் விதிமுறைத் தாளை அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கிப் பார்த்தேன். சமையலறையை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிறகு துடைத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அவர்கள் அனுமதித்திருந்ததை எங்கள் தாள் தடுத்திருந்தது. அவளுக்கு வீட்டாரின் விதியைவிட ஆசிரியையின் தாள் பெரிது.

அங்கேயே இருந்து பேசிப் பார்ப்பது, இரண்டு வாரம் கழித்தும் எடை ஏறாவிட்டால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அம்மாவும் ஒத்துக்கொண்டார். அப்பா அரைமனதாக.

சமையலறை மேசையில் நடந்த பேச்சு

டிசம்பர் 9, சனிக்கிழமை. மேசையில் தம்பதி, மாணவி, அலுவலகப் பெண். நான் மடிக்கணினித் திரையில். ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து ஒன்றரை மணி நேரம்.

நான் முதலில் எங்கள் தாளைப் பற்றிச் சொன்னேன். அப்புறம், எங்கள் ஊரில் "வேண்டாம்" என்பது எத்தனை முறை சொல்லப்படும், எப்போது அதற்கு உண்மையான பொருள் என்று விளக்கினேன். வீட்டம்மா முகம் மாறியது. "நான் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சாப்பிட்டிருப்பாயா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் தலையாட்டினாள். "வேண்டாம் என்கிறவளைத் திரும்பக் கேட்டால் அது உன் வார்த்தையை நான் மதிக்காத மாதிரி என்று நினைத்தேன்" என்றார். பெரியவர் அதுவரை பேசவில்லை. "எங்களால் ஊகிக்க முடியாது. நீ சொல்லித்தான் ஆக வேண்டும்" என்றார். மொழிபெயர்ப்பில் கடுமையாகக் கேட்கும் வாக்கியம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

போர்வைப் பேச்சு வந்தபோது வீட்டம்மா அவளை அறைக்கு அழைத்துப் போய் அலமாரியின் மேல்தட்டைத் திறந்து காட்டினாராம். இரண்டு கனமான போர்வை, முதல் நாளிலிருந்தே அங்கே. அலமாரியின் கீழ்ப்பாதியை மட்டும்தான் அவள் பயன்படுத்தியிருந்தாள். மேல்பாதி அவர்களுடையது என்று நினைத்திருக்கிறாள்.

முடிவானவை இவை. உண்மையிலேயே வேண்டுமென்றால் முதல் தடவையே "யா" என்று சொல்ல வேண்டும். வீட்டம்மாவும் கொஞ்ச நாளைக்கு இரண்டாவது தடவை கேட்பார். செவ்வாய், சனி இரண்டு நாள் இரவுச் சமையல் அவள் பொறுப்பு, தாளிக்கலாம், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. அறைக்குள் துணி உலர்த்த ஒரு சிறு மடக்குச் சட்டம், காலையும் மாலையும் ஜன்னல் பத்து நிமிடம் திறப்பு. அம்மாவோடு பேச்சு மாலை ஐந்தரைக்கு, இங்கே இரவு பத்து. அழுகை வந்தால் நள்ளிரவிலும் பேசலாம், ஆனால் மறுநாள் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியை வீட்டம்மாதான் சேர்த்தார்.

அதன்பின் நடந்தது

அன்று இரவே ரசம். வீட்டம்மா ஒரு கோப்பை முழுக்கக் குடித்தார். பெரியவர் இரண்டு வாய் குடித்து இருமிவிட்டு வைத்துவிட்டார், ஆனால் அடுத்த செவ்வாய் பருப்பு வைத்தபோது இரண்டு தடவை போட்டுக்கொண்டார். டிசம்பர் 20 அன்று எடை 47 கிலோ 800. ஊருக்கு அழைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த பேரக்குழந்தைகளுக்கு மருதாணி இட்டுவிட்ட படம் எனக்கு வந்தது.

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. ஜனவரி முதல் வாரம் வரமிளகாய் தாளித்தபோது ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டாள். நடைவழியில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. பெரியவர் ஏணி போட்டு ஏறி அதை நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கண்டு அவள் மறுபடி அறைக்குள் சுருங்கி, இரண்டு நாள் ரொட்டிக்கே திரும்பிவிட்டாள். இந்த முறை வீட்டம்மா கதவைத் தட்டினார். கோபமா என்று அவரிடமே கேள் என்று கூட்டிப்போய் நிறுத்தினார். பெரியவருக்கு முழங்கால் வலி, ஏணியில் ஏறி இறங்கியதில் அதிகமாகிவிட்டது, அதனால்தான் பேசவில்லை.

ஜனவரி 15 திங்கள், பொங்கல். ஆசியக் கடையில் வெல்லம் கிடைத்தது. பச்சரிசிக்குப் பதில் அந்த ஊரில் பால்சோறு காய்ச்சும் உருண்டை அரிசி. பொங்கி வரும்போது "பொங்கலோ பொங்கல்" சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுக்க, இரண்டு பேரும் சொன்னார்கள். வீடியோவில் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. அவளுடைய பாட்டி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாராம்.

படிப்பில் ஏற்பட்ட சேதம் திரும்பவில்லை. அங்கே வகுப்பில் சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் பதிய வேண்டும். ஒரு பாடத்துக்கான பதிவுக் காலம் நவம்பர் கடைசியிலேயே முடிந்திருந்தது. அந்த நாட்களில் அவள் மின்னஞ்சலையே திறக்கவில்லை. எத்தனை கேட்டும் சலுகை கிடைக்கவில்லை. எடுத்த ஐந்து பாடத்தில் நான்கு எழுதி மூன்று தேறினாள். செமஸ்டருக்கு வழக்கமான 30 கிரெடிட்டில் 18தான் கைக்கு வந்தது. இங்கே அது இரண்டு அரியர் ஆனது. அரியர் இருப்பவர்களைப் பல கம்பெனிகள் கேம்பஸ் தேர்வுக்கு எடுப்பதில்லை. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் வந்த கம்பெனிகள் எதிலும் அவள் உட்கார முடியவில்லை. நவம்பரில் இரண்டையும் எழுதித் தேறினாள். வேலை 2025 மார்ச்சில், திருப்பூரில், அவள் முதலில் ஆசைப்பட்டதைவிடச் சின்ன இடத்தில். வீட்டில் ஏற்பட்ட பாசத்தைச் சொல்லும்போது இந்தக் கணக்கை மறைத்தால் அடுத்து அனுப்பப்போகும் பிள்ளைகளுக்குத் துரோகம்.

இனி மாற்றுவதும் மாற்றாததும்

ஏழாவது குறிப்பை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், சமையலறையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முதல் வாரமே வீட்டாரிடம் கேளுங்கள் என்று இருக்கிறது. ஐந்தாவதில் "தொந்தரவு" என்ற சொல்லே இப்போது இல்லை. வகுப்பில் வெறுமனே சொல்வதோடு விடாமல், செய்து பழகுகிறோம். ஒருவர் தட்டை நீட்ட, மற்றவர் முதல் தடவையே "ஆமாம், இன்னும் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். சிலருக்கு நான்காவது தடவைதான் குரல் வெளியே வருகிறது.

ஹோஸ்ட் குடும்பத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் போகிறது. எங்கள் பிள்ளைகள் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இன்னொரு முறை கேளுங்கள். துணி உலர்த்த மறைவான இடம் காட்டுங்கள். அலமாரியைத் திறந்து எது யாருடையது என்று காட்டுங்கள். குறிப்பு ஒட்டுவதைவிட வாயால் சொல்லுங்கள். அந்த வீட்டம்மாவே இந்தக் கடிதத்தைப் பார்த்துத் திருத்திக்கொடுத்தார்.

"எப்படி இருக்க?" என்று இப்போது நான் கேட்பதில்லை. இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது வாரங்களில் முகம் பார்த்துப் பேசுகிறேன். முதல் கேள்வி, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட, யாரோட?" அடுத்தது, "எந்தத் தேர்வுக்கெல்லாம் பதிஞ்சிருக்க, திரையில காட்டு." இரண்டாவது கேள்வி முதல் கேள்வி அளவுக்கே முக்கியம் என்று எனக்குப் படிப்பித்தது அந்த ஒரு பாடத்தின் இழப்புதான்.

அங்கேயே இருக்கவைத்த முடிவை மாற்றுவேனா என்று பலர் கேட்டார்கள். அந்த வீடு அந்த வீடாக இருந்ததால் சரிப்பட்டது. மனநல ஆலோசகர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலோ, மேசையில் அந்த இருவர் தங்கள் பக்கத்தைத் திருத்திக்கொள்ள முன்வராமல் இருந்திருந்தாலோ, அன்றே விமானச்சீட்டு எடுத்திருப்பேன். உடம்பை முதலில் பார்த்தது மட்டும் எந்த வீடாக இருந்தாலும் மாறாது.

அம்மா விஷயம் ஒன்று பாக்கி. மகள் வாங்கிய சத்தியத்துக்காக ஒரு மாதம் அவர் தனியாகச் சுமந்தார். என் எண் அவரிடம் இருந்தது, ஆனால் எதற்குக் கூப்பிடலாம் என்று நான் சொல்லியிருக்கவில்லை. போன ஆகஸ்டில் அடுத்த தொகுதி கிளம்பும் முன் பெற்றோர் கூட்டம் வைத்தபோது, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அவரே பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தார். மேடை வேண்டாம் என்று சொல்லி, அம்மாக்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடுவில் நின்று பேசினார். "புள்ளை அழுதா போனை வைக்காதீங்க, கேட்டுக்கங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சத்தியம் கேட்டா மட்டும் பண்ணிராதீங்க. அன்னிக்கே மேடத்துக்குச் சொல்லிருங்க." பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பீர்களா என்று என்னைக் கேட்டார். எடுப்பேன் என்றேன். எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டு, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.